வைரச் சான்றிதழில் இல்லாத நிரல்

ஒரு கரட் வைரத்தை வாங்கினால் அதனுடன் ஒரு தாளும் தருவார்கள். அந்தத் தாளுக்குக் கல்லைப் பற்றித் தெரியாதது குறைவு. கல்லின் விட்டம் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குவரை அளந்து எழுதப்பட்டிருக்கும். உள்ளே ஊசிமுனையளவு ஒரு புள்ளி இருந்தால், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டப்பட்டிருக்கும். ஊதாக் கடந்த ஒளியில் அது நீலமாக ஒளிர்கிறதா என்பதும் இருக்கும். கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்ட இலக்கமும் தாளில் உள்ள இலக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

அந்தக் கல் எந்த நாட்டு மண்ணிலிருந்து வந்தது, அதைத் தோண்டியவர்களுக்கு என்ன நடந்தது, அதை விற்ற காசு எந்தத் துப்பாக்கிக்குப் போனது என்பதற்கு வழமையான அந்தத் தாளில் நிரல் இல்லை.

வைரச் சந்தை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் வைரங்கள் வந்து விலைகளைக் கீழே இழுத்துவிட்டன. ரஷ்ய வைரங்களை மேற்கு நாடுகள் தடைசெய்திருக்கின்றன. நூறாண்டுக்கும் மேலாக இந்த வியாபாரத்தின் அடையாளமாக இருந்த டி பியர்ஸைக் கைவிடுவதென அதன் தாய்நிறுவனமான ஆங்லோ அமெரிக்கன் 2024 இல் முடிவெடுத்தது. ஒரு வைரத்தின் பெறுமதி எதனால் ஆனது என்று வியாபாரிகளே தமக்குள் கேட்டுக்கொள்ளும் காலம் இது. போரின் ஊடாக வந்த எமக்கும் அந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது. ஏன் என்பதற்கு முதலில் அந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

நான்கு அளவுகள்

வைரத்தை நான்கு விடயங்களை வைத்து மதிப்பிடுகிறார்கள்: நிறை, நிறம், தெளிவு, வெட்டு. இந்த முறையை ஒழுங்குபடுத்தியது ஜி.ஐ.ஏ என்று அறியப்படும் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம். 1931 இல் ரொபர்ட் ஷிப்லி ஆரம்பித்த அந்த நிறுவனம், 1950 களில் ரிச்சர்ட் லிடிகோட் வகுத்த தர அட்டவணையை உலகுக்குக் கொடுத்தது. அதற்கு முன்னர் ஒவ்வொரு வியாபாரியும் தன்தன் வசதிக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். ஒருவரின் முதல்தரம் இன்னொருவரின் இரண்டாந்தரமாக இருக்கும்.

நிறை இலகுவானது. ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. தங்கத்தில் நாம் சொல்லும் 22 கரட் தூய்மையின் அளவு. வைரத்தில் கரட் நிறையின் அளவு. ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால் நகைக்கடைகளில் குழப்பம் வருவதுண்டு. பழங்காலத்தில் கரோப் என்ற மரத்தின் விதைகளைத் தராசில் போட்டு நிறுத்ததால் வந்த பெயர் இது. எம்மூர்த் தட்டார்கள் குன்றிமணியால் பொன் நிறுத்ததைப் போல.

நிறத்தைப் பார்ப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளை வைரத்தில் நிறம் இல்லாமல் இருப்பதற்குத்தான் மதிப்பு. கல்லுக்குள் நைதரசன் கலந்திருந்தால் மெல்லிய மஞ்சள் சாயல் தெரியும். சாயலே இல்லாத கல்லுக்கு டி என்ற எழுத்து. அங்கிருந்து இசட் வரை மஞ்சள் கூடிக்கொண்டு போகும். ஏன் ஏ இலிருந்து தொடங்கவில்லை என்றால், பழைய வியாபாரிகள் ஏ, பீ, சீ என்ற எழுத்துக்களை ஏற்கெனவே கண்டபடி பயன்படுத்திவிட்டார்கள். புதிய முறை பழைய ஏமாற்றுடன் கலந்துவிடக்கூடாதென்று நான்காவது எழுத்திலிருந்து ஆரம்பித்தார்கள். கல்லை வெள்ளைத் தட்டில் தலைகீழாக வைத்து, பகல்வெளிச்சத்துக்கு ஒப்பான விளக்கின் கீழ், தரம் முன்பே தீர்மானிக்கப்பட்ட மாதிரிக் கற்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவார்கள். மோதிரத்தில் பதித்த பிறகு அடுத்தடுத்த இரண்டு எழுத்துக்களுக்கிடையிலான வேறுபாடு அணிபவரின் கண்ணுக்குத் தெரியாது. விலையில் மட்டும் தெரியும்.

தெளிவு என்பது உட்குறைகளைப் பற்றியது. வைரம் பூமிக்குள் 150 கிலோமீற்றர் ஆழத்துக்கும் கீழே, நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அதற்கு அப்பாலும் உருவானது. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேறு கனிமத் துணுக்குகளும் வெடிப்புகளும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் எதுவுமே தெரியாத கல் ‘குறையற்றது’. அதிலிருந்து வெறுங்கண்ணுக்கே குறை தெரியும் கல் வரை பதினொரு தரங்கள். பத்து மடங்கு என்பது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்ட எல்லை. நூறு மடங்கு பெருக்கிப் பார்த்தால் இந்தக் ‘குறையற்ற’ கற்களிலும் ஏதோ ஒன்று தெரியவரலாம். எங்கே நிறுத்துவது என்று முடிவெடுத்தால்தான் தரம் என்ற ஒன்று உருவாகிறது.

இந்தக் கண் புதியதல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே வைரத்தில் இருக்கக்கூடாத நான்கு குற்றங்களும் சொல்லப்பட்டிருக்கின்றன. காகத்தின் பாதம் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இன்றைய ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியுடன் இருப்பவர் தேடுவதும் ஏறத்தாழ இவற்றைத்தான்.

நான்காவதான வெட்டு மட்டும்தான் முழுக்க மனிதர் கையில் இருக்கிறது. தோண்டி எடுத்த கல் மங்கிய கண்ணாடித் துண்டுபோலக் கிடக்கும். வட்டமான வெட்டில் 57 அல்லது 58 முகங்கள் தீட்டப்படும். அந்த முகங்கள் எந்தக் கோணத்தில் அமைந்தால் மேலிருந்து நுழையும் ஒளி அடிவழியே ஓடிப்போகாமல் திரும்பிக் கண்ணுக்கு வரும் என்பதை, பட்டை தீட்டும் குடும்பமொன்றிலிருந்து வந்த மார்செல் டொல்கோவ்ஸ்கி 1919 இல் கணக்கிட்டு எழுதினார். சரியாக வெட்டினால் கல்லின் நிறையில் பாதிக்கு மேலும் தூளாகப் போய்விடலாம். அழகுக்காக நிறையை இழப்பதா, நிறைக்காக அழகைக் குறைப்பதா என்ற கணக்கைப் பட்டை தீட்டுபவர் ஒவ்வொரு கல்லிலும் போட்டாக வேண்டும். உலகில் விற்கப்படும் வைரங்களில் மிகப் பெரும்பான்மை இந்தியாவின் சூரத் நகரில்தான் பட்டை தீட்டப்படுகின்றன. சான்றிதழில் வெட்டுக்கு ‘மிகச்சிறந்தது’ என்று இருக்கும். தீட்டியவரின் கூலி இருக்காது.

தரத்திலிருந்து விலைக்கு

தரம் எழுதியாயிற்று. விலை எங்கிருந்து வருகிறது? தங்கத்துக்கு ஒரு கிராம் இன்ன விலை என்று உலகச் சந்தை சொல்லும். வைரத்துக்கு அப்படியொரு சந்தை இல்லை. 1978 இல் நியூயோர்க்கில் மார்ட்டின் ரப்பபோர்ட் என்ற வியாபாரி ஒரு விலைப்பட்டியல் வெளியிடத் தொடங்கினார். நிறத்தையும் தெளிவையும் கட்டங்களாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கரட் ஒன்றுக்கு எத்தனை நூறு டொலர் என்று எழுதிய பட்டியல். இன்றும் வியாபாரிகள் பேரம் பேசுவது அதை வைத்துத்தான். ‘பட்டியலிலிருந்து இவ்வளவு வீதம் கழிவு’ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

இந்தப் பட்டியலில் 0.99 கரட்டும் 1.00 கரட்டும் வேறுவேறு பிரிவு. இரண்டுக்கும் இடையில் இரண்டு மில்லிகிராம்தான் வித்தியாசம். விலையோ அந்த இடத்தில் துள்ளிக் குதிக்கும். அதனால் ஒரு கரட்டைத் தொடுவதற்காகவே இடுப்பைத் தடிப்பாக விட்டு வெட்டப்பட்ட கற்கள் சந்தையில் நிறைய உண்டு. நிறை இருக்கும், பிரகாசம் இருக்காது. வாங்க நினைப்பவர்கள் ஒரு கரட்டுக்குச் சற்றுக் குறைந்த, நன்றாக வெட்டப்பட்ட கல்லைக் கேட்டுப் பார்க்கலாம். காசும் மிஞ்சும், பிரகாசமும் கிடைக்கும்.

வாங்கிய வைரத்தைத் திருப்பி விற்கப் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தங்கச் சங்கிலியை எந்த அடகுக்கடையும் அன்றைய விலைக்கு அருகில் ஏற்றுக்கொள்ளும். வைரத்துக்குக் கொடுத்த காசில் பாதிகூடத் திரும்பாமல் போவது சாதாரணம். ‘வைரம் என்றென்றைக்கும்’ என்ற பொருள்படும் விளம்பர வாசகத்தை 1947 இல் டி பியர்ஸுக்காக எழுதியவர் பிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண். விற்காதே, வைத்திரு என்பதும் அந்த வாசகத்துக்குள் அடங்கியிருக்கிறது. விற்கப் போகாதவரைக்கும் விலை குறைந்தது தெரியாதல்லவா. யுத்தகாலத்தில் எமது குடும்பங்கள் வைரத்தை நம்பாமல் பவுணை நம்பி இருந்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று இந்தக் கட்டத்தில் தோன்றுகிறது.

பிறந்த இடம்

இரத்தினபுரியில் எடுக்கப்பட்ட நீலக்கல்லை வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பினால், அறிக்கையில் ‘இலங்கை’ என்று எழுதி வரும். அந்தச் சொல்லுக்குக் காசு உண்டு. காஷ்மீர், பர்மா, இலங்கை என்ற பெயர்கள் நீலக்கல்லின் விலையை மாற்றும். கல்லுக்குள் இருக்கும் பட்டுநூல் போன்ற இழைகளும் நுண்ணளவு உலோகக் கலப்பும் அது பிறந்த மண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வைரம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அது ஏறக்குறைய வெறும் காபன். சைபீரியாவில் எடுத்த கல்லையும் அங்கோலாவில் எடுத்த கல்லையும் பட்டை தீட்டிப் பக்கத்தில் வைத்தால், எது எங்கிருந்து வந்ததென்று உறுதியாகச் சொல்லும் சோதனை இல்லை. சுரங்கத்திலிருந்து வெளியே வந்தவுடன் கற்கள் அளவுக்கும் நிறத்துக்கும் ஏற்பப் பிரிக்கப்படுகின்றன. அன்ட்வேர்ப்பிலும் டுபாயிலும் பல நாட்டுக் கற்கள் ஒரே பொதியாகக் கலக்கப்படுகின்றன. அதற்குப் பிறகு தேடுவது ஆற்று நீரில் எந்தத் துளி எந்த மலையில் பெய்த மழை என்று தேடுவது போலத்தான்.

என்றாலும் பெருமை சேர்க்கும் பிறப்பிடம் மட்டும் எப்படியோ நினைவில் இருந்துவிடுகிறது. பெரிய ஏல விற்பனைகளில் பழைய கற்களுக்கு ‘கோல்கொண்டா’ என்ற பெயர் சூட்டப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகின் வைரங்கள் ஏறத்தாழ முழுக்க இந்தியாவிலிருந்துதான் போயின. அந்தப் பெயரில் ஒரு மயக்கம் இருக்கிறது. அதற்கு மேலதிக விலையும் இருக்கிறது. சியரா லியோனின் கோனோ மாவட்டம் என்று எந்த ஏலப் பட்டியலும் பெருமையாக அச்சிட்டதாகத் தெரியவில்லை.

கோனோவில் வைரம் எடுக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஆற்று மணலில் மண்வெட்டியும் அரிதட்டும் போதும். அதனால் துப்பாக்கி வைத்திருப்பவன் அந்த ஆற்றங்கரையையும் வைத்திருந்தான். 1991 மார்ச்சில் லைபீரிய எல்லையிலிருந்து நுழைந்த புரட்சிகர ஐக்கிய முன்னணி, பதினொரு வருடப் போரில் பொதுமக்களின் கைகளை வெட்டியதற்காக உலகமெங்கும் அறியப்பட்டது. 50,000 க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அந்தக் கற்கள் அயல்நாடான லைபீரியாவின் பெயரில் வெளியே போயின. 1994 முதல் 1998 வரை லைபீரியாவிலிருந்து வந்ததாக பெல்ஜியம் பதிவுசெய்த வைரங்கள் 31 மில்லியன் கரட்டுக்கும் அதிகம். லைபீரியாவால் வருடமொன்றுக்குத் தோண்டக்கூடியதோ ஒன்று, ஒன்றரை இலட்சம் கரட் மட்டுமே. கனடாவின் ஓர் அரசசார்பற்ற அமைப்பு 2000 ஜனவரியில் இந்தக் கணக்கை வெளியிட்டது. அன்ட்வேர்ப்பின் சுங்கப் பதிவுகளிலேயே இலக்கங்கள் இருந்தன. கூட்டிப் பார்க்க யாரும் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அங்கோலாவிலும் இதே கதை. அங்கே யுனிட்டா அமைப்பு 1992 இற்கும் 1998 இற்கும் இடையில் 3.7 பில்லியன் டொலர் வரை வைரத்தால் ஈட்டியதென குளோபல் விட்னஸ் அமைப்பு கணக்கிட்டது.

லைபீரிய ஜனாதிபதியாக இருந்த சார்ள்ஸ் டெய்லருக்கு 2012 இல் 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் 2010 ஓகஸ்டில் சாட்சியமளித்தவர்களில் ஒருவர் நவோமி கெம்பல் என்ற பிரபல அழகி. 1997 இல் தென்னாபிரிக்காவில் ஓர் இரவு விருந்துக்குப் பிறகு தன் அறைக்கு வந்த இருவர் ஒரு சிறு பையைத் தந்ததாகவும், உள்ளே அழுக்கான சிறு கற்கள் இருந்ததாகவும் அவர் சொன்னார். உலகின் மிக விலையுயர்ந்த நகைகளை அணிந்தவரின் கண்ணுக்கும் அவை அழுக்குக் கற்களாகத்தான் தெரிந்தன. பட்டை தீட்டி, சான்றிதழ் எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகு அந்த அழுக்கு எவர் கண்ணுக்கும் தெரியாது.

கிம்பர்லியின் வரைவிலக்கணம்

இந்தப் போர்களின் அவப்பெயர் மோதிர விற்பனையைத் தாக்கிவிடுமோ என்று தொழில்துறை பயந்தது. 2000 மே மாதம் தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரில் அரசாங்கங்களும் வைர நிறுவனங்களும் மனித உரிமை அமைப்புகளும் கூடின. 2003 ஜனவரி முதலாம் திகதி கிம்பர்லிச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. பட்டை தீட்டாத வைரம் எல்லை கடக்கும்போது, முத்திரையிட்ட பெட்டியில், இது மோதல் வைரம் அல்ல என்று அரசாங்கம் உறுதியளிக்கும் சான்றிதழுடன் போகவேண்டும். இலங்கையும் இதில் ஓர் உறுப்பு நாடு. இங்கே பட்டை தீட்டுவதற்கென வைரம் இறக்குமதி செய்யப்படுவதால், அந்தப் பொறுப்பு தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் இருக்கிறது.

முறையில் ஓட்டைகள் உண்டு. பல நாட்டுக் கற்கள் கலந்த பொதிக்கு, பிறப்பிடம் ‘கலப்பு’ என்று இருந்தால் போதும். பட்டை தீட்டியவுடன் கல் இந்த முறைக்கு வெளியே போய்விடுகிறது. இவற்றையெல்லாம் காலப்போக்கில் திருத்தலாம். திருத்த முடியாமல் நிற்பது வரைவிலக்கணம்தான்.

மோதல் வைரம் என்றால் என்ன? சட்டபூர்வமான அரசாங்கங்களைக் கவிழ்ப்பதற்காகக் கிளர்ச்சி இயக்கங்களும் அவற்றின் கூட்டாளிகளும் நடத்தும் போருக்குக் காசு தரும், பட்டை தீட்டாத வைரம். சாரம் இதுதான். இதில் வன்முறை செய்பவர் ஒருவர் மட்டுமே: கிளர்ச்சியாளர். அரசாங்கத்தின் படை கொன்றால் அந்தக் கல் மோதல் வைரம் ஆகாது. அந்த வாக்கியத்தின் இலக்கணம் அதற்கு இடம் வைக்கவில்லை.

சியரா லியோனில் கைகளை வெட்டிய இயக்கத்தை வைத்துப் பார்த்தால் அந்த வரைவிலக்கணம் நியாயமானது. அந்தக் குற்றம் நடந்தது, அதற்குப் பெயரும் வேண்டியிருந்தது. சிம்பாப்வேயின் மராங்கே வயல்களை வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு குறுகியதென்று தெரியும். அங்கே 2006 இல் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. வறுமையில் இருந்த ஆயிரக்கணக்கானோர் கையால் தோண்டினார்கள். 2008 ஒக்டோபர் இறுதியில் இராணுவம் இறங்கியது. உலங்குவானூர்திகளிலிருந்தும் தரையிலிருந்தும் சுட்டதில் 200 க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2009 ஜூனில் அறிக்கையிட்டது. அந்த மாதங்களில் வன்னியில் சனம் கிளிநொச்சியை விட்டுக் கிழக்குப் பக்கமாக இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. மராங்கே என்ற பெயரைக் கேட்க எமக்கு அப்போது காது இருக்கவில்லை.

கொன்றது அரச இராணுவம். ஆகவே கிம்பர்லியின் கணக்கில் மராங்கேயின் கல் மோதல் வைரம் அல்ல. கடத்தல், உள்ளகக் கட்டுப்பாட்டின்மை போன்ற நடைமுறைக் காரணங்களைக் காட்டித்தான் 2009 நவம்பரில் ஏற்றுமதி இடைநிறுத்தப்பட்டது. 2011 நவம்பரில் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மறுமாதமே குளோபல் விட்னஸ் இந்த முறையிலிருந்து விலகியது. கிம்பர்லியை உருவாக்கப் பாடுபட்ட அமைப்புகளில் அதுவும் ஒன்று. மாறாக, மத்திய ஆபிரிக்கக் குடியரசில் 2013 மார்ச்சில் கிளர்ச்சிக் குழுவொன்று தலைநகரைப் பிடித்தபோது, இரண்டு மாதங்களுக்குள் அந்த நாட்டின் வைரங்கள் தடைசெய்யப்பட்டன. அந்தத் தடை முழுமையாக நீங்கியது 2024 நவம்பரில்தான். கிளர்ச்சியாளர் என்ற சொல் பொருந்தினால் இயந்திரம் உடனே வேலை செய்கிறது.

வரைவிலக்கணத்தை விரிவாக்கும் முயற்சிகள் பல தடவை நடந்தன. கிம்பர்லியில் முடிவுகள் ஏகமனதாக எடுக்கப்படவேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் போதும், நின்றுவிடும். தம் படைகள் மீது விரல் நீட்டப்படக்கூடிய அரசாங்கங்களிடமே அந்தக் கையொப்பத்தைக் கேட்கவேண்டியிருக்கிறது. யார் குற்றவாளி என்று தீர்மானிக்கும் மேசையில் அரசுகள் மட்டும் வாக்குரிமையுடன் அமர்ந்திருந்தால் என்ன வாக்கியம் எழுதப்படும் என்று இந்தத் தீவின் வடக்கு கிழக்கில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

உக்ரேன் போர் இந்த வரைவிலக்கணத்தை வெளிச்சத்தில் நிறுத்தியது. உலகில் தோண்டப்படும் வைரங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ரஷ்யாவினுடையது. அதில் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கும் அல்ரோசா நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் ரஷ்ய மத்திய அரசிடமும் யக்கூத்தியப் பிராந்திய நிர்வாகங்களிடமும் இருக்கின்றன. 2022 பெப்ரவரிக்குப் பிறகு அந்தக் காசு எங்கே போகிறதென்ற கேள்வியைக் கிம்பர்லிக் கூட்டத்தில் எழுப்ப மேற்கு நாடுகள் முயன்றன, ரஷ்யா மறுத்தது. வரைவிலக்கணப்படி ரஷ்யா கிளர்ச்சி இயக்கம் அல்லவே. கடைசியில் ஜி7 நாடுகள் கிம்பர்லியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தனியாகச் செயற்பட்டன. 2024 ஜனவரி முதல் ரஷ்ய வைரங்களின் நேரடி இறக்குமதிக்கும், மார்ச் முதல் மூன்றாம் நாட்டில் பட்டை தீட்டப்பட்டு வரும் பெரிய கற்களுக்கும் தடை விதித்தன.

கல்லைப் பார்த்துப் பிறப்பிடம் சொல்ல முடியாது என்பது உண்மை. சுரங்கத்திலிருந்து கடைவரை கல்லைப் பின்தொடர முடியும் என்பதும் உண்மை. பட்டை தீட்டாத நிலையில் அளந்து பதிவுசெய்த கல்லைத் தீட்டிய பின் அதனுடன் பொருத்திப் பார்த்து, எந்த நாட்டினது என்று சொல்லும் அறிக்கைகளை ஜி.ஐ.ஏ 2019 இலிருந்தே வழங்குகிறது. சியரா லியோன்காரரின் கைகள் வெட்டப்பட்ட காலத்தில் ‘தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமில்லை’ என்று சொல்லப்பட்ட விடயம், பலமுள்ள நாடுகளுக்கு அரசியல் தேவை வந்தபோது சட்டமாகிவிட்டது.

வளர்த்த கல்லும் தோண்டிய கல்லும்

ஆய்வுகூட வைரம் இன்னும் சுவாரசியமான உதாரணம். அது போலி அல்ல. அதே காபன், அதே பளிங்கு அமைப்பு, அதே கடினம். வெறுங்கண்ணாலோ சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியாலோ வேறுபாடு காண முடியாது. அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனம் 1954 இல் முதலில் செய்துகாட்டியது. நகைக்குரிய பெரிய கற்களை மலிவாக வளர்ப்பது கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில்தான் கைகூடியது. 2018 இல் டி பியர்ஸே லைட்பொக்ஸ் என்ற பெயரில் கரட் 800 டொலருக்கு விற்கத் தொடங்கியது. விலை அதையும் தாண்டிக் கீழே போக, 2025 மே மாதம் அதை மூடப்போவதாக அறிவித்தது.

தோண்டிய கல்லின் விலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இரண்டையும் பிரித்துக்காட்ட வேண்டும். பிரிக்கும் கருவிகள் வந்தன. வளர்த்த கல்லின் விளிம்பில் அப்படியே பொறித்தார்கள். 2025 ஒக்டோபரிலிருந்து ஜி.ஐ.ஏ, ஆய்வுகூட வைரத்துக்குப் பழைய நிற எழுத்துக்களையும் தெளிவுத் தரங்களையும் கொடுப்பதை நிறுத்தி, உயர்தரம், சாதாரணம் என்ற இரண்டு வகைக்குள் அடக்கிவிட்டது. பெரும்பாலான வளர்த்த கற்கள் மேல்தரங்களுக்குள்ளேயே நெருக்கமாக விழுவதால் பழைய அட்டவணை பயன் தரவில்லை என்பது அதன் விளக்கம். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். கவனிக்கவேண்டியது இது: டியும் குறையற்றதும் கல்லின் இயல்பை மட்டும் சொல்பவை என்றுதான் எழுபது வருடம் எமக்குச் சொல்லப்பட்டது. இப்போது அதே இயல்புள்ள கல்லுக்கு, அது எங்கே உருவானது என்பதற்காக, அந்த எழுத்து மறுக்கப்படுகிறது. பிறப்பிடம் தரத்துக்குள் நுழைந்துவிட்டது. வியாபாரத்துக்கு ஆபத்து வந்தபோது நுழைந்தது.

வைரத் தோட்டைப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இதெல்லாம் தூரத்துக் கதை. எமது வீடுகளில் பெறுமதி என்றால் தங்கம். ஆனால் மேலே சொன்ன அதே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் மேசைக்கு எமது நகைகளும் வந்திருக்கின்றன. யுத்தம் முடிந்தபோது வன்னியில் மீட்கப்பட்ட, மக்கள் விடுதலைப் புலிகளின் வைப்பகத்தில் அடகாகவும் பாதுகாப்புக்காகவும் வைத்த, ஆயிரக்கணக்கான தங்க, வெள்ளிப் பொருட்களை 2025 மே மாதத் தொடக்கத்தில் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. பதினாறு வருடங்களுக்குப் பிறகு. அவற்றைப் பரிசோதித்து மதிப்பிடும் பணி அந்த அதிகார சபைக்குரியது.

அந்தப் பரிசோதனையில் நிறை எழுதப்படும். எத்தனை கரட் என்று எழுதப்படும். தராசும் உரைகல்லும் சொல்லக்கூடியவை அவை. யாருடையது என்பதைத் தராசு சொல்லாது. பற்றுச்சீட்டுகள் பலருக்கு இடம்பெயர்விலேயே போய்விட்டன. மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் உடுத்த உடையோடு கரையேறியவர்களிடம் கடதாசி எப்படி இருக்கும்? ஆனால் கல்லைப் போலன்றி நகைக்கு அடையாளம் உண்டு. மோதிரத்தின் உட்புறத்தில் எழுத்து வெட்டியிருக்கும். தாலியின் வடிவம் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். ஒடிந்து ஒட்டவைத்த கொளுக்கியை வைத்தே தன் சங்கிலியைச் சொல்லிவிடக்கூடிய பெண்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன் அவை உருக்கப்படவோ ஏலத்துக்குப் போகவோ கூடாது. ஒவ்வொரு பொருளையும் இலக்கமிட்டுப் படமெடுத்து, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பிரதேச செயலகங்களிலிருந்து தொடங்கி, மக்கள் வந்து பார்க்கக்கூடிய இடங்களில் வைக்கவேண்டும். உரிமை கோருபவரிடம் கடதாசியை மட்டும் கேட்காமல் வாய்மொழிச் சாட்சியத்தையும் ஏற்கவேண்டும். இதற்குக் கிம்பர்லி போன்ற உலக உடன்படிக்கை எதுவும் தேவையில்லை. கொழும்பில் ஒரு சுற்றறிக்கை போதும்.